பன்னிரண்டு கிளையும் ஒண்ணுபோல

தீத்தாரப்பனுக்கு மூளை இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மூளை இருந்தது. அதைக் கசங்காமல், அழுக்குப்படாமல், ஒருநாளும் எடுத்துப் புழங்காமல் பத்திரமாக வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அம்பாசமுத்திரத்தில் ஆனைமுத்து பார்சல் சர்வீஸின் தலைமை ஆபீஸ். அங்கே இருபத்திரண்டு வருஷமாக அவருடைய மேசை கக்கூஸ் கதவுக்கும் சாக்கு மூட்டைக்கும் நடுவில். யார் உள்ளே போனாலும் கதவு அவர் முழங்கையில் இடிக்கும், வெளியே வந்தாலும் இடிக்கும். தனக்கென்று ஒரு ரூம், வாசலில் பெயர்ப்பலகை. அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை கிடையாது. பாவம், நியாயமான ஆசைதான்.

ஒருநாள் முதலாளி உலகம்மாள் அவரையும், அவருடைய கையாட்கள் பூலுடையாரையும் மாடக்கண்ணுவையும் கூப்பிட்டார். மூன்று பேரையும் சேர்த்து நிற்கவைத்துப் பேசியது அந்த அம்மாவின் முதல் தப்பு.

"அண்ணாச்சி, நம்ம கிளை பன்னெண்டும் பன்னெண்டு விதமாக் கெடக்கு. எல்லாம் இந்த ஆபீஸைப் போல, ஒண்ணுபோல இருக்கணும். அதே சமயம் ஆள் கூடுனா குறைஞ்சா நகர்த்திப் போட்டுக்கிடவும் தோதா இருக்கணும். ஆவணி ஒண்ணாந்தேதி பார்க்க வருவேன். சரியா முடிச்சா உங்களுக்குத் தனி ரூம். சொதப்புனீங்க, வேலையே கிடையாது."

தனி ரூம் என்றதும் தீத்தாரப்பன் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு சொன்னது காதில் விழவில்லை.

கயிறும் சாக்பீஸுமாகத் தலைமை ஆபீஸை அளந்தார்கள். நட்டநடுவில் ஒரு தூண் இருந்தது. கிளைகளில் தூண் இல்லை.

"அண்ணாச்சி, கூரையைத் தாங்கத்தான தூணு? கிளையில எல்லாம் கூரை தானா நிக்கே" என்றான் மாடக்கண்ணு.

"தாங்குதா தாங்கலையாங்கது கூரையோட சோலி. ஒண்ணுபோல இருக்காங்கதுதான் நம்ம சோலி."

பன்னிரண்டு தூண் கட்டினார்கள். நகர்த்தத் தோதாக இருக்க வேண்டுமே என்று மேசை, நாற்காலி, பீரோ, தண்ணீர்ப்பானை எல்லாவற்றுக்கும் சக்கரம் வைத்தார்கள். "தூணை மட்டும் விட்டா அது மனசு என்ன பாடுபடும்?" என்று பூலுடையார் கேட்டான். கட்டிய தூண்களை இடித்துவிட்டு, பிளைவுட்டில் செய்து சக்கரம் மாட்டினார்கள்.

தலைமை ஆபீஸ் தூணையும் பெயர்த்துச் சக்கரம் வைக்கலாம் என்று போனபோது, குத்திய கடப்பாரை தூணுக்குள் சிக்கிக்கொண்டது. மூன்று பேரும் தொங்கிப் பார்த்தும் வரவில்லை. அதனாலென்ன? பன்னிரண்டு கடப்பாரை வாங்கி, கிளைத் தூண் ஒவ்வொன்றிலும் அதே உயரத்தில் செருகினார்கள்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பாப்பாக்குடி கிளையில் ஒரு குமாஸ்தா, வேர்க்கிறதே என்று நாற்காலியை ஃபேனுக்கு அடியில் தள்ளிக்கொண்டான். மாடக்கண்ணு அலறிவிட்டான்.

"ஒண்ணுபோல இல்லாமப் போச்சே அண்ணாச்சி!"

"நகர்த்தலாம்னு அம்மாதான சொன்னாக?" என்றான் பூலுடையார்.

"ஒண்ணுபோல இருக்கணும்னும் அம்மாதாம்லே சொன்னாக!"

மூவரும் தரையில் உட்கார்ந்து மத்தியானம் வரை யோசித்தார்கள். கடைசியில் தீத்தாரப்பன் தொடையில் தட்டினார். "ஒருத்தன் நகந்தா எல்லாரும் நகரணும்!"

பன்னிரண்டு கிளையையும் ஒரே போன் அழைப்பில் சேர்த்தார்கள். பாப்பாக்குடி நாற்காலி இரண்டடி கிழக்கே போனதும் மற்ற பதினொன்றும் கிழக்கே போயின. கடையத்தில் அந்த இடத்தில் ஃபேன் இல்லை, வெயில்தான் இருந்தது. முக்கூடலில் ஒருவன் டீயைக் கொட்டினான். உடனே மற்றக் கிளைகளில் டீ வாங்கி வந்து கொட்டினார்கள். ஆழ்வார்குறிச்சியில் ஒருவன் கக்கூஸுக்குப் போனான். பதினொரு பேர், வந்தாலும் வராவிட்டாலும், போனார்கள். இதற்கு நடுவில் பார்சல் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

ஆவணி ஒண்ணாந்தேதி உலகம்மாள் கடையம் கிளைக்கு வந்தார். தீத்தாரப்பனும் பூலுடையாரும் வாசலில் நின்றார்கள்; மாடக்கண்ணு முக்கூடல் கிளையில் போனோடு இருந்தான். அம்மா தூணைப் பார்த்தார். கடப்பாரையைப் பார்த்தார். தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா உக்காந்தாச்சு!" என்று பூலுடையார் போனில் அறிவித்தான்.

தீத்தாரப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அய்யய்யோ, மத்த பதினொண்ணுலயும் அம்மா இல்லையேடே! ஆளுக்கொரு அம்மாவைப் பிடிச்சு உக்காரவைங்க!"

ஐந்தே நிமிஷத்தில் பதினொரு கிளையிலும் பதினொரு அம்மாக்கள் உட்கார்ந்தார்கள். முக்கூடலில் மாடக்கண்ணு பிடித்துவந்தது கருவாடு விற்கும் பேச்சிக்கிளியை.

இதற்குள் உலகம்மாளுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "அண்ணாச்சி, உங்களுக்கு ரூமும் கிடையாது, வேலையும் கிடையாது. கெளம்புங்க!"

தீத்தாரப்பன் முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் கடமை கடமைதானே? "போயிருதேம்மா. ஆனா ஒரு கிளையில மட்டும் வேலை போனா ஒண்ணுபோல இருக்காதுல்லா? மத்த அம்மாமாரும் ஒரு வார்த்தை சொல்லட்டும்."

முக்கூடலில் மாடக்கண்ணு விஷயத்தை எடுத்துச் சொன்னான். பேச்சிக்கிளியின் குரல் போனில் கணீரென்று வந்தது. "இருவத்திரெண்டு வருசமா கக்கூஸ் கதவுல இடி வாங்குன மனுசனையா வெளிய அனுப்புவாக? குடுங்கடே ரூமை!"

"குடுங்க, குடுங்க" என்றார்கள் மற்ற பத்து அம்மாக்களும்.

பூலுடையார் விரலை மடக்கி எண்ணினான். மறுபடியும் எண்ணினான். "அண்ணாச்சி, பதினொரு அம்மா ஒண்ணுபோல இருக்காக. ஒண்ணு மட்டும் மாறியிருக்கு."

"எது?"

பூலுடையார் உலகம்மாளைக் காட்டினான்.

"வெளிய தள்ளுடே" என்றார் தீத்தாரப்பன்.

நாற்காலியில்தான் சக்கரம் இருக்கிறதே! "ஏலே, நான்தாம்லே முதலாளி!" என்று உலகம்மாள் கத்தக் கத்த, "அதைப் பொறவு பாப்போம்மா, முதல்ல ஒண்ணுபோல ஆகட்டும்" என்று பூலுடையார் பணிவோடு தள்ளிக்கொண்டுபோய், ரோட்டோரம் கரும்புச்சாறு வண்டிப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு கிளாஸ் சாறும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தான்.

பிறகு தூணுக்கு மிஞ்சிய பிளைவுட் பலகை நான்கைச் சக்கரத்தோடு தள்ளிவந்து தீத்தாரப்பனைச் சுற்றி நிறுத்தி, அவர் பெயர் எழுதி ஒரு பெயர்ப்பலகையும் மாட்டினான். மற்றப் பதினொரு கிளையிலும் ஒவ்வொரு காலி நாற்காலியைச் சுற்றி அதே ரூம், அதே பெயர். உள்ளே இருந்த தீத்தாரப்பன் இரண்டு முழங்கையையும் அகல விரித்துப் பார்த்தார். எதுவும் இடிக்கவில்லை. சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதார்.

அப்போது மாடக்கண்ணு போனில் பதறினான். "அண்ணாச்சி, அங்க அம்மா ரோட்டுலயாம்லா? இங்க உள்ள இருக்காக!"

பதினொரு அம்மாக்களையும் தள்ளிக்கொண்டுபோய், பதினொரு ஊர் ரோட்டோரத்தில், வாசலிலிருந்து அதே தூரத்தில் நிறுத்தினார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு கரும்புச்சாறு வந்தது. வேடிக்கை பார்த்தபடி நிம்மதியாகக் குடித்தார்கள்.

பூலுடையார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். கடையத்து அம்மா சாறு குடிக்கவில்லை. எழுந்து நின்று, அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசிக்கொண்டிருந்தார். அவன் உடனே போனை எடுத்தான்.

"எல்லா அம்மாமாரும் கிளாஸைக் கீழ வச்சிட்டு, எந்திரிச்சு நின்னு ஏசுங்க."

"யாரைடே ஏசணும்?" என்று கேட்டாள் பேச்சிக்கிளி.

"யாரை வேணும்னாலும் ஏசுங்கம்மா. கடையத்து அம்மா மூச்சு வாங்க நிறுத்தும்போது நான் சொல்லுதேன், அப்போ மட்டும் நீங்களும் நிறுத்திக்கிடுங்க."