தலைவர் நனைகிறார்

சேர்மன் பூமிநாதனுக்குத் தலைவர்மேல் அப்படியொரு பக்தி. அவர் முகம் போட்ட ஸ்டிக்கரைத் தன் பழைய ஜீப்பின் முன்கண்ணாடியில், வெளிப்பக்கமாக ஒட்டிவிட்டார். கட்சிக் கூட்டத்துக்குப் போகும் வழியில் மழை பிடித்தது. வைப்பர் பாதியில் நின்றது.

டிரைவர் சித்திரவேல் இறங்கிப் பார்த்தார். "ஐயா, ஸ்டிக்கர் ஓரம் தூக்கிக்கிட்டு நிக்குது. வைப்பர் அதுல முட்டுது. எடுத்துடலாமா?"

"தலைவர்மேல கைய வச்சே, உன் வேலை போயிடும்! வைப்பரும் ஓடணும், அவர் முகத்துலயும் படக் கூடாது."

"சரிங்கய்யா. தலைவரை மழையில நிக்க வச்சுட்டு நீங்க உள்ள உக்காந்து வர்றதை மாவட்டச் செயலாளர் பார்க்காம இருக்கணும்."

சேர்மன் குடைகூட எடுக்காமல் குதித்திறங்கி, ஸ்டிக்கரை நகத்தாலேயே சுரண்டி எடுத்தார். வைப்பர் ஓடியது.

கூட்டத்தில் மார்தட்டினார்: "வைப்பரை நானே ரிப்பேர் பண்ணினேன்!"

"ஆமாங்க," என்றார் சித்திரவேல். "ரிப்பேர் பண்ணினதும் ஐயாதான், அப்புறம் அதைச் சரி பண்ணினதும் ஐயாதான்."