பெயரில்லாத ஜாடி

ஏதென்ஸ் நகரத்துக் குயவர் தெருவில் எர்கியாஸ் என்றொரு ஆசான் இருந்தார். அவர் பட்டறையில் ஜாடிகளுக்குச் சித்திரம் தீட்டியவர் மெலந்தோஸ். பன்னிரண்டு வருஷமாகச் சீடர், தலை பாதி நரைத்துவிட்டது. கையில் வித்தை இருந்தது. நெஞ்சில்தான் துணிச்சல் போதவில்லை.

அந்தத் தெருவின் வழக்கம் இது. தீட்டியவன் தன் பெயரைப் போடுவதானால், படம் வரைந்த அதே களிமண் குழம்பால், ஜாடி சூளைக்குள் போகும் முன்பே எழுதிவிட வேண்டும். ஜாடி மின்னுமா, கருகி இளிக்குமா என்பது சூளையைத் திறந்தால்தான் தெரியும்.

மெலந்தோஸ் ஒருமுறைகூட எழுதியதில்லை. "எனக்கு எதற்கு அதெல்லாம்?" என்பார். ஊரார் அதைப் பணிவு என்றார்கள். அவரும் அப்படியே நம்பிக்கொண்டார்.

ஒரு சந்தை நாளில் அவருடைய ஜாடி ஒன்று பட்டறை வாசலில் விற்பனைக்கு வந்தது. அதில் நான்கு குதிரை பூட்டிய தேர். குதிரைகளின் மூச்சு கேட்கும்போல் இருந்தது. சிசிலியிலிருந்து வந்த வணிகர் அதை மூன்று முறை சுற்றி வந்தார்.

"இது எனக்கு வேண்டும். தீட்டியது யார்? பெயரைக் காணோமே!"

"நான்தான்!" என்றார் மெலந்தோஸ். அவருக்கு நெஞ்சு விம்மியது. "ஒரு நொடி பொறுங்கள் ஐயா." இரும்பு ஊசியை எடுத்து ஜாடியில் தன் பெயரைக் கீறப் போனார்.

எர்கியாஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஆசானே, இது என் வேலைதானே?"

"உன் வேலைதான். என்னால்கூட இப்படிக் குதிரை போட முடியாது."

"பின்னே ஏன் தடுக்கிறீர்கள்? கடல் தாண்டிப் போய்விட்டால் என்னை யாருக்குத் தெரியும்?"

ஆசான் பிடியை விட்டார். உள்ளே போய் வேறொரு ஜாடியைத் தூக்கி வந்தார். சூளையில் ஒரு பக்கம் சப்பிப்போய், கறுப்பாக வர வேண்டிய படமெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்து கிடந்தது. தூசியை மேலாடையால் துடைத்து, தேர் ஜாடிக்குப் பக்கத்திலேயே தெருவைப் பார்க்க வைத்தார். அதன் வயிற்றில் கொட்டை எழுத்தில், 'எர்கியாஸ் தீட்டினான்' என்றிருந்தது.

சந்தையே சிரித்தது. மெலந்தோஸ் கூசிப்போனார்.

"ஆசானே, இதில் போயா உங்கள் பெயர்? வெட்கமாக இல்லை?"

எர்கியாஸ் நிமிர்ந்து நின்றார். "நான் தீட்டியதில் வேறு யார் பெயரை எழுதச் சொல்கிறாய்?"

மெலந்தோஸ் அந்தக் கோணல் ஜாடியில் இருந்த பெயரை விரலால் தடவினார். சூளைக்கு முன்பே எழுதியது. பிறகு ஊசியைக் கீழே வைத்தார்.

"இதை இப்படியே கொண்டு போங்கள் ஐயா," என்றார் வணிகரிடம். "அடுத்ததில் என் பெயர் இருக்கும்."

"அதுவும் இவ்வளவு நன்றாக வருமா?"

"தெரியாது," என்றார் மெலந்தோஸ். "பெயர் இருக்கும்."