ஹாரனுக்கு அசையாத சிலம்பன்

ஒரு பஸ் ஸ்டாண்டில் ஒரு நாயும், ஒரு வெள்ளாடும், ஒரு காக்கையும் சினேகமாக இருந்தன. நாயின் பெயர் சிலம்பன். வெள்ளாட்டின் பெயர் பூச்செண்டு. காக்கையின் பெயர் கரிமுத்து.

சிலம்பனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

டீக்கடைக்கு எதிரே, பஸ் திரும்புகிற இடத்திலேதான் அவன் படுக்கை. பஸ் பின்பக்கமாக வரும். "பாம்! பாம்!" என்று ஹாரன் காதைக் கிழிக்கும். சிலம்பன் ஒரு ரோமத்தைக்கூட அசைக்க மாட்டான். கடைசியில் கண்டக்டர் இறங்கி வந்து, "துரை, கொஞ்சம் நகருறீங்களா?" என்று கெஞ்ச வேண்டும். தீபாவளி அன்று ஊர் நாயெல்லாம் கட்டிலுக்கு அடியில் பதுங்கும். சிலம்பனோ சரவெடிக்குப் பக்கத்தில் குறட்டை விடுவான்!

"சத்தத்துக்குப் பயந்தா பஸ் ஸ்டாண்டுல பொழைக்க முடியுமா?" என்பான் சிலம்பன். "சத்தம் வரும், போகும். நாம பாட்டுக்கு நம்ம வேலையைப் பார்க்கணும்!"

அவன் வேலை தூங்குவது. அதை அவன் குறையில்லாமல் செய்தான்.

பூச்செண்டு அவனுக்கு நேர் எதிர். பழக்கடைப் பக்கம் ஒரு தகர டப்பா உருண்டால் போதும், அவளுடைய நாலு காலும் தரையில் இருக்காது. "என்ன சத்தம்? என்ன சத்தம்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் அவளுக்கு இலை இறங்கும். சிலம்பன் அவளுக்குத் 'தொடைநடுங்கி' என்று பட்டமே கொடுத்திருந்தான்.

அந்த வருஷம் வெள்ளி, சனி, ஞாயிறு என்று சேர்ந்தாற்போல் லீவு வந்தது. அடேயப்பா! பஸ் ஸ்டாண்ட் திருவிழாவாகிவிட்டது. வேன் வேனாக ஜனங்கள். மடியில் புளிசாதம், தலையில் புதுத் தொப்பி. "தேசியப் பூங்காவுக்குப் போறோம்! யானை பார்க்கப் போறோம்! புலி பார்க்கப் போறோம்!" என்று பெரியவர்களே குதித்தார்கள்.

கரிமுத்து விளக்குக் கம்பத்திலிருந்து தொப்பென்று இறங்கினான்.

"கேட்டீங்களா! மனுஷன் மட்டும்தான் போகணுமா? நாமளும் போவோம்! மார்க்கெட்டுல முட்டைக்கோஸ் இறக்கிட்டு ஒரு லாரி காலியா மலைக்குத் திரும்புது. அந்தக் காட்டு வழியாத்தான் போகும். ஞாயித்துக்கிழமை கேரட் ஏத்திக்கிட்டு அதே லாரி கீழே வரும். போகவும் அதே வண்டி, வரவும் அதே வண்டி! என்ன சொல்றீங்க?"

"கிளம்பு!" என்றான் சிலம்பன். அவன் வால் தன்னால் சுழன்றது. பிறந்ததிலிருந்து அவன் பார்த்த பெரிய மிருகம் எருமைதான். யானையைப் பார்க்கப் போகிறோம் என்றதும் தூக்கம் பறந்துவிட்டது.

பூச்செண்டு மட்டும் பின்வாங்கினாள். "நான் வரலைப்பா. காட்டுக்குப் போனா உங்களுக்குச் சுற்றுலா. அங்க இருக்கிறவங்களுக்கு நான் சாப்பாடு!"

"ஏ தொடைநடுங்கி! நான் எதுக்கு இருக்கேன்?" சிலம்பன் நெஞ்சை நிமிர்த்தினான். "உன்னைக் கூட்டிட்டுப் போறவன் நான். பத்திரமாக் கொண்டாந்து சேர்க்கிறவனும் நான். உன் மேல ஒரு கீறல் விழுந்தாலும் என் வாலை அறுத்துக்கிறேன்!"

"சாட்சி நான்!" என்றான் கரிமுத்து.

நண்பன் இப்படிச் சத்தியம் செய்த பிறகு மறுக்க முடியுமா? பூச்செண்டு லாரியில் ஏறினாள். கால் நடுங்கத்தான் ஏறினாள்.

ஆனால் லாரி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவளுக்கே குஷி வந்துவிட்டது. தரையெல்லாம் முட்டைக்கோஸ் இலை! காசு கேட்க ஆளில்லை, விரட்ட ஆளில்லை. சிலம்பன் பக்கப் பலகைமேல் முன்னங்கால்களை வைத்து, நாக்கைத் தொங்கவிட்டு, காற்றையே குடித்தான். கரிமுத்து டிரைவர் தலைக்கு மேலே உட்கார்ந்து, "வளைவு வருது! பாலம் வருது! அதோ மலை, மலை!" என்று கத்திக்கொண்டே வந்தான். எதிரே வந்த லாரிகளை எல்லாம் சிலம்பன் ஒன்று விடாமல் குரைத்து நலம் விசாரித்தான். இப்படி ஒரு சந்தோஷம் அவன் வாழ்க்கையில் வந்ததே இல்லை.

காட்டு வாசலில் செக்போஸ்ட். வண்டிகள் வரிசையாக நின்றன. வனக்காவலர் ஒருவர் ஒவ்வொரு வண்டியாகப் போய்ச் சொன்னார்: "வண்டியை விட்டு இறங்கக் கூடாது! குப்பை போடக் கூடாது! ஹாரன் அடிக்கவே கூடாது!"

சிலம்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஹாரன் அடிக்காத ரோடா! இதுவும் ஒரு ஊரா!"

லாரி நின்ற சமயம் பார்த்து மூன்று பேரும் குதித்துக் காட்டுக்குள் நுழைந்தார்கள். நுழைந்ததும் சிலம்பனுக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. அவ்வளவு அமைதி. ஒரு இலை விழுந்தால்கூடக் கேட்டது.

ஒரு மருத மரத்தின்மேல் சாம்பல் நிற மந்தி ஒன்று, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு தளிர் தின்றுகொண்டிருந்தது. கீழே புள்ளிமான்கள் அது உதிர்த்த இலைகளைப் பொறுக்கித் தின்றன.

"வாங்க, வாங்க! லீவுக்கு வந்தவங்களா?" என்றது மந்தி. "சுத்திப் பாருங்க. ஆனா ஒண்ணு. இங்க யாரும் சும்மா வாயைத் திறக்கிறதில்லை. சத்தம் வந்தா என்னன்னு கவனிக்கணும்."

"மந்தியக்கா, எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்?" என்று பூச்செண்டு உடனே கேட்டாள்.

"நான் மேல இருந்து கண்ணால பார்ப்பேன். மான் கீழ இருந்து மூக்கால பார்க்கும். நான் 'கக்! கக்!'னு இருமினா, அதோட மான் காலைத் தட்டிக் கூவினா, புள்ளிச் சட்டைக்காரர் நடந்து வரார்னு அர்த்தம். சிறுத்தை! அப்ப யோசிக்காம ஓடிரணும்."

"மயில் அகவினா?"

"ஆரம்பிச்சுட்டா!" என்று சிலம்பன் கொட்டாவி விட்டான். "ஏய், நாம பாடம் படிக்க வந்தோமா, யானை பார்க்க வந்தோமா? வா, வா!"

அன்று யானையைப் பார்த்தார்கள். ஒன்றல்ல, ஒரு குடும்பமே ஆற்றில் குளித்தது. குட்டி யானை தும்பிக்கையால் தண்ணீரை வாரி இறைத்தது. சிலம்பன் தலை முதல் வால் வரை நனைந்தான். "யானை என்மேல தண்ணி ஊத்திச்சு! யானை ஊத்திச்சு!" என்று அவன் வட்டம் வட்டமாக ஓடியதைப் பார்க்க வேண்டுமே! காட்டெருமையைப் பார்த்தார்கள். தோகை விரித்த மயிலைப் பார்த்தார்கள். கத்திக் கத்திக் கரிமுத்துவுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. பூச்செண்டு மட்டும் வழியெல்லாம் நின்று நின்று, "இது என்ன சத்தம்? அது என்ன சத்தம்?" என்று பறவையையும் அணிலையும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு!" என்று சிலம்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம். ஆற்றோரம் ஒரு பெரிய பாறை இளஞ்சூட்டில் இருந்தது. சிலம்பனுக்கு டீக்கடை வாசல் ஞாபகம் வந்துவிட்டது. நடுப்பாறையில் ஏறிக் காலை நீட்டினான். பூச்செண்டு கீழே கொழுந்து மேய்ந்தாள். கரிமுத்து ஆற்றில் மீன் குஞ்சு தேடினான்.

"கக்! கக்! கக்!"

மந்தியின் குரல் சிலம்பன் காதில் விழத்தான் விழுந்தது. 'அடிக்கிறான் ஹாரன். அடிச்சுட்டுப் போகட்டும்' என்று தூக்கத்திலேயே நினைத்துக்கொண்டான்.

மான் காலைத் தட்டியது. கூவியது. மான் கூட்டம் மொத்தமும் சிட்டாய்ப் பறந்தது.

'வண்டி ரிவர்ஸ் எடுக்குது போல' என்று சிலம்பன் புரண்டு படுத்தான்.

"சிலம்பா! எழுந்திரு!" இது பூச்செண்டு. "சிலம்பா! மந்தியக்கா சொல்றாங்க! ஓடு!"

'இந்தத் தொடைநடுங்கிக்கு டப்பா உருண்டாலும் இதே பாட்டுதான்.' சிலம்பன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். பூச்செண்டு தலையைக் குனிந்துகொண்டு, கொம்பை நீட்டிக்கொண்டு, நேராக அவனை நோக்கித்தான் ஓடிவந்தாள்! 'ஐயையோ, இவளுக்குப் பைத்தியமா?' என்று நினைப்பதற்குள்—

மடேர்!

விலாவில் விழுந்தது முட்டு. சிலம்பன் பாறையிலிருந்து உருண்டு ஆற்றுக்குள் தொபுக்கென்று விழுந்தான். அவன் படுத்திருந்த அதே இடத்தில், அதே நொடியில், மஞ்சளாக ஒன்று வந்து இறங்கியது. உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. உண்ணிச்செடிப் புதருக்குள் பதுங்கிப் பதுங்கி வந்த சிறுத்தை!

தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கிய சிலம்பன் பயந்துபோய்ப் பார்த்தான். பாறைமேல் சிறுத்தை. அதற்கு எதிரே, முட்டின வேகத்தில் முழங்கால் மடங்கி விழுந்து கிடந்தாள் பூச்செண்டு. அவளைக் கூட்டிவந்தவன் அவன். வரமாட்டேன் என்றவளை நெஞ்சை நிமிர்த்திக் கூட்டிவந்தவன் அவன்!

பயமெல்லாம் எங்கே போயிற்றோ! சிலம்பன் பாறையில் பாய்ந்து ஏறினான். சொட்டச் சொட்ட நடுவில் வந்து நின்றான். வாழ்நாளில் முதல் தடவையாக முழுத் தொண்டையால் குரைத்தான்.

"அவளை விடு! அவளைத் தொட்டே, தெரியும் சேதி!"

சிறுத்தை அவனை மேலும் கீழும் பார்த்தது.

"அவளை யாருடா கேட்டா?" என்றது சிறுத்தை. "நான் வந்ததே உனக்காகத்தான்! நாய்க்கறி சாப்பிட்டு எத்தனை நாளாச்சு! காடே கத்துது, நீ ஒருத்தன் மட்டும் விருந்து மாதிரி நீட்டிப் படுத்திருந்தே. நான் என்ன பண்ணட்டும்?"

சிலம்பனுக்குக் குரைப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அதற்குள் மரத்துக்கு மரம் மந்திகள் கூடிவிட்டன. "கக்! கக்! இதோ இருக்கார்! இங்க இருக்கார்!" கரிமுத்து கட்டின தொண்டையோடு சிறுத்தையின் தலைக்குமேல் வட்டமடித்துக் கரைந்தான். தூரத்தில் மயில்களும் சேர்ந்துகொண்டன.

சிறுத்தைக்கு எரிச்சல் தாங்கவில்லை. "சே! ஒளிஞ்சு வந்தாத்தான் எனக்கு வேட்டை. ஊரே கூடித் தண்டோரா போட்ட பிறகு என்ன வேட்டை? இனி இந்த ஆத்தோரம் ஒரு எலிகூட நிக்காது!" என்று முணுமுணுத்துக்கொண்டே, வாலைச் சுழற்றிப் புதருக்குள் போய்விட்டது.

சிலம்பன் தலை தொங்கிக் கிடந்தது.

"நீ ஓடியிருக்கலாமே, பூச்செண்டு," என்றான் மெதுவாக. "உனக்குத்தான் தெரிஞ்சிருந்ததே. ஏன் திரும்பி வந்தே?"

"நீயில்லாம நான் எப்படி ஊருக்குப் போறது?" என்றாள் பூச்செண்டு. பிறகு முன்னங்காலை நீட்டிக் காட்டினாள். "அது இருக்கட்டும். முழங்கால்ல ஒரு கீறல் விழுந்திருக்கு. வாலை எப்ப அறுத்துக்கிறே?"

"சாட்சி நான்!" என்று கரிமுத்து கத்தினான்.

சிலம்பன் வாலைக் காலிடுக்கில் இறுக்கமாகச் செருகிக்கொண்டான். மூவரும் சிரித்த சிரிப்பில் மந்தியின் மடியில் இருந்த குட்டி விழித்துக்கொண்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவே சிலம்பனின் கண் ஈரமாக இருந்தது. ஆற்றுத் தண்ணீர் என்று அவன் சொன்னான். இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை செக்போஸ்ட்டில் கேரட் லாரி நின்றது. ஏறினார்கள். மலை இறங்கும் வரை சிலம்பன் தூங்கவே இல்லை. "அது என்ன சத்தம்?" "பிரேக்." "இது?" "தார்ப்பாய் அடிக்குது, பேசாம இரு." பூச்செண்டு கேரட்டை மென்றபடி பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் டீக்கடை வாசலில் பஸ் பின்பக்கமாக வந்தது. "பாம்!" என்று ஒரே ஒரு ஹாரன்தான். சிலம்பன் துள்ளி எழுந்து பழக்கடைக்கே ஓடிவிட்டான். கண்டக்டர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"என்ன சத்தம்? என்ன சத்தம்?" என்றான் சிலம்பன்.

"பஸ்தான். நீ போய்த் தூங்கு," என்றாள் பூச்செண்டு. அதற்குப் பிறகு அவன் அவளைத் தொடைநடுங்கி என்று கூப்பிட்டதே இல்லை.

சொந்த ஊரில் காட்டுகிற தைரியத்தைப் போன இடத்திலும் காட்டி மார்தட்டாமல், அங்கே வாழ்கிறவர்கள் சொல்வதற்குக் காது கொடுப்பவனே பத்திரமாக வீடு திரும்புவான்.