ஐம்பத்தெட்டு கிலோ

காசிம் மாஸ்டரின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு முதன்முதலாக வந்தபோது இக்னேஷியஸுக்கு ஐம்பத்தோரு வயது. மாஸ்டருக்கு நாற்பதுதான். ஒரு காலத்தில் அறுபது கிலோ பிரிவில் மாநிலத்துக்காகப் பளு தூக்கியவர். குள்ளமான மனிதர். தூத்துக்குடியில் பழைய கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார். பேச்சு குறைவு. யாராவது தப்பாகத் தூக்கினால் பக்கத்தில் போய் நிற்பார். அவர் நிற்பதைப் பார்த்தே தூக்குகிறவர் திருத்திக்கொள்வார்.

இக்னேஷியஸ் மருத்துவர் கொடுத்த சீட்டை நீட்டினார்.

"எடை தூக்கச் சொல்லியிருக்காரு."

மாஸ்டர் சீட்டை வாங்கவில்லை. "நீங்களே சொல்லுங்க, அண்ணாச்சி."

"மூளைக்கு அடியில ஒரு கட்டி இருந்துச்சு. எடுத்துட்டாங்க. ஆனா அது அஞ்சு வருஷமா உடம்பைக் காலி பண்ணிருச்சு. டெஸ்டோஸ்டிரோன்னு ஒண்ணு சுரக்கணுமாம், ஆம்பளை உடம்புக்கு. எனக்கு அது சுத்தமா நின்னுபோச்சு. இப்ப மூணு வாரத்துக்கு ஒரு ஊசி. ஊசி மட்டும் போட்டா பத்தாது, சதை பிடிக்கணும்னா எடை தூக்குங்கன்னாரு."

"எவ்வளவு தூக்கணும்?"

புதிதாக வருகிறவர்கள் இந்தக் கேள்விக்குக் கையை மடக்கிக் காட்டுவார்கள். இல்லையென்றால் தொப்பையைத் தட்டிச் சிரிப்பார்கள். இக்னேஷியஸ் யோசிக்கவே இல்லை.

"ஐம்பத்தெட்டு கிலோ."

ஏன் ஐம்பத்தெட்டு என்று மாஸ்டர் கேட்கவில்லை. எடை வட்டுகள் எதுவும் மாட்டாத வெறும் கம்பியைக் காட்டினார். இருபது கிலோ. இக்னேஷியஸ் அதைத் தரையிலிருந்து நான்கு முறை தூக்கினார். ஐந்தாவது முறை கம்பி எழும்புவதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு வாங்க," என்றார் மாஸ்டர்.

வந்தார். துணை மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை என்பதால் கூட்டமில்லாத பகல் நேரத்தில் அவரால் வர முடிந்தது. ஊசி போட்ட வாரம் உடம்பு முறுக்காக இருக்கும். மூன்றாவது வாரம் துவளும். துவளும் வாரத்திலும் வந்தார். இரண்டு மாதத்தில் சட்டைக் கை இறுகியது. நான்காவது மாதம், பழைய பெல்ட்டில் குத்திவைத்திருந்த கூடுதல் ஓட்டை தேவையில்லாமல் போனது. கண்ணாடியில் தோளைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வேறு யாரோ நிற்பதுபோல் இருக்கும்.

ஏழாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஐம்பத்தெட்டு கிலோ எழும்பியது. சிரமமே இல்லை. இடுப்புவரை கொண்டுவந்து, ஒரு மூச்சு நிறுத்தி, இறக்கினார்.

"வந்திருச்சு, அண்ணாச்சி."

"ம்."

அவர் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினார். மறுபடியும் அவிழ்த்துக் கட்டினார். வீட்டுக்குப் போகாமல் கூடம் மூடும்வரை அங்கேயே இருந்தார்.

மறுநாள் வந்ததும் சொன்னார்: "இன்னும் ஏத்துங்க, மாஸ்டர்."

எழுபது ஆயிற்று. எண்பத்தைந்து ஆயிற்று. நூறு கிலோவைத் தூக்கிய அன்று இனிப்பு வாங்கித் தருவார் என்று கூடத்தில் எதிர்பார்த்தார்கள். அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. எதையோ தேடி ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்து, அங்கும் இல்லையென்று கதவைச் சாத்துகிறவர் மாதிரி இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மூன்று வாரத்து ஊசியைப் பத்து நாளுக்கு ஒரு முறை போட ஆரம்பித்திருந்தார். ஒரே சீட்டை வேறு வேறு மருந்துக் கடைகளில் காட்டி வாங்கினார். மனைவி ஸ்டெல்லாவுக்குக்கூடத் தெரியாது. முகம் செம்பு மாதிரி சிவந்தது. பின்மண்டையில் வலி. கம்பியை இறக்கும்போது கண்ணில் பூச்சி பறந்தது.

மருத்துவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டுக் காகிதத்தை மேசையில் தட்டினார். "ரத்தம் இவ்வளவு கெட்டியா ஆகியிருக்கு. உள்ள எங்கயாவது உறைஞ்சா என்ன ஆகும் தெரியுமா? எத்தனை நாளுக்கு ஒரு தடவை போட்டீங்க?"

இக்னேஷியஸ் உண்மையைச் சொன்னார். மருத்துவர் ரத்தம் கொஞ்சம் எடுத்துவிடச் செய்தார். அடுத்த சோதனைவரை ஊசி கிடையாது, கடும் எடையும் கிடையாது என்று சொல்லி அனுப்பினார்.

அங்கிருந்து நேராகக் கூடத்துக்குத்தான் வந்தார்.

"இன்னைக்கு நூத்தி இருபது ஏத்துங்க, மாஸ்டர்."

மாஸ்டர் அவருடைய முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார்.

"ரத்தம் எடுத்தாங்களா?"

"ஆமா. ஊசியை நிறுத்திட்டாங்க. இனி ஒவ்வொரு நாளும் இறங்கிக்கிட்டேதான் போகும். அதுக்குள்ள ஒரு தடவை தூக்கிரணும்."

"தூக்கி?"

இக்னேஷியஸ் கம்பிப் பக்கம் நடந்தார்.

மாஸ்டர் கம்பியிலிருந்த வட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். இக்னேஷியஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்ப இவ்வளவு நாளும் தூக்குனது நான் இல்லையா? ஊசிதானா?"

"ஊசியைப் போட்டுட்டு வீட்டுல படுத்துக் கிடந்திருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றார் மாஸ்டர். "உக்காருங்க. ஐம்பத்தெட்டுன்னு சொன்னீங்களே, அது என்ன?"

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இக்னேஷியஸ் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எங்க அப்பாவோட எடை."

அவர் சொன்னார். அப்பா தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு இரண்டு வருஷம் மாடி வீட்டில் படுக்கை. பகலில் ஸ்டெல்லா வேலைக்குப் போய்விடுவாள். அப்பாவுக்கு இக்னேஷியஸ்தான் துணை. நாவிதரை வீட்டுக்கே வரவழைத்தார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. தெருமுனைக் கடைக்கே போக வேண்டும், அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சவரம் செய்துகொள்ள வேண்டும், அங்கே தினத்தந்தி படிக்க வரும் பழைய ஆட்களைப் பார்க்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான். கீழே இறங்கப் பதினாலு படி.

"அப்ப எனக்குக் கட்டி இருந்தது தெரியாது. பல் தேய்க்கவே கை ஓயும். ஆபீஸ்ல சோம்பேறின்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். வெக்கமா இருக்கும், மாஸ்டர். அப்பாகிட்ட நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிட்டே இருந்தேன். ஒரு சனிக்கிழமை தூக்கிட்டுப் பொறப்பட்டேன்."

"ம்."

"நாலு படி. அஞ்சாவதுல காலு மடங்கிருச்சு. அப்படியே அவரை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். அரை மணி நேரம் இருக்கும். மேலயும் ஏற முடியல, கீழயும் இறங்க முடியல. அப்புறம் ஒவ்வொரு படியா மேல இழுத்துக்கிட்டுப் போனேன். அப்பா ஒண்ணும் சொல்லல. படுக்கையில போட்டதும், 'ஏல, எனக்குத்தாம்ல கனம் கூடிப்போச்சு'ன்னாரு."

இக்னேஷியஸ் உள்ளங்கையிலிருந்த காய்ப்பைத் தேய்த்தார்.

"அதுக்கப்புறம் அவர் கேக்கவே இல்லை. ஒம்பது மாசம் இருந்தாரு. ஆஸ்பத்திரியில கடைசியா எடை பார்த்தப்ப ஐம்பத்தெட்டு. அவர் போய் அரை வருஷம் கழிச்சு நான் மயங்கி விழுந்தேன். அப்பதான் கட்டி இருக்கிறதே தெரிஞ்சது."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கூடத்தின் மறுகோடியில் டெய்சன் என்கிற கிரேன் ஓட்டுநர் மட்டும் கண்ணாடி முன் நின்று, ஒன்று இரண்டு என்று எண்ணியபடி கைப்பயிற்சி செய்துகொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கேன், மாஸ்டர். மறைக்காம சொல்லணும். இந்த ஊசி ரெண்டு வருஷம் முந்திக் கிடைச்சிருந்தா, இந்தப் பலம் அன்னைக்கு இருந்திருந்தா, அப்பாவை நான் கடைக்குக் கொண்டு போயிருப்பேன். இல்லையா?"

மாஸ்டர் எழுந்து கூடத்தின் நடுவில் விரித்திருந்த ரப்பர் பாயில் மல்லாந்து படுத்தார். இடது கையையும் இடது காலையும் தொளதொளவென்று விட்டார்.

"நான் அறுபது கிலோ. உங்க அப்பாவைவிட ரெண்டு கூட. தூக்குங்க."

"மாஸ்டர்…"

"நேத்து நூறு தூக்குனீங்க. தூக்குங்க."

இக்னேஷியஸ் குனிந்து முதுகுக்குக் கீழே ஒரு கையும் முழங்காலுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்தார். இழுத்தார். நடு உடம்பு பள்ளமாகத் தொய்ந்தது. தலை பின்னால் தொங்கியது. கழுத்தைப் பிடிக்கப் போனபோது கால் நழுவியது. கீழே விட்டார்.

தலைமாட்டுக்குப் போனார். அக்குளுக்குள் கைகளை விட்டுத் தூக்கினார். சட்டைதான் மேலே வந்தது. செத்த கை வழுக்கிக்கொண்டு போனது. உயரத் தூக்கியபோது குதிகால்கள் தரையில் இழுபட்டன. ஓரடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி வைப்பதற்குள் மாஸ்டர் பாயில் சரிந்துவிட்டார்.

மூன்றாம் முறை முயன்றார். வேர்வை சொட்டி மாஸ்டரின் நெற்றியில் விழுந்தது. மாஸ்டர் துடைத்துக்கொள்ளவில்லை.

இக்னேஷியஸ் மூச்சு வாங்க மண்டியிட்டார்.

"கம்பின்னா பிடிக்க இடம் இருக்கு. இதுல எங்க பிடிக்க?"

"மனுஷன் கம்பி இல்லையே," என்றார் மாஸ்டர், படுத்தபடியே.

"தோள்ல போட்டா இறக்கிரலாம்."

"மூட்டை மாதிரி. போட்டிருப்பீங்களா?"

இக்னேஷியஸ் இல்லையென்று தலையை ஆட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார், தன் காதுக்கே கேட்கக் கூடாது என்பதுபோல.

"அப்ப… இந்தப் பலம் இருந்திருந்தாலும் முடிஞ்சிருக்காதா?"

"தனி ஆளா முடியாது. அதுலயும் படி. என்னாலயே இறக்கியிருக்க முடியாது."

இக்னேஷியஸின் நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று கழன்றது. எத்தனையோ நாளாக அவர் இப்படி மூச்சு விட்டதில்லை. முடிந்திருக்காது. யாராலும் முடிந்திருக்காது. கட்டியும் காரணமில்லை, சோம்பலும் காரணமில்லை. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. அது நல்ல அழுகை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எத்தனை ஆள் வேணும்?"

"ரெண்டு பேர் போதும். ஒருத்தர் தோள் பக்கம், ஒருத்தர் முட்டிப் பக்கம். பெரிய பலம்கூட வேண்டாம். அன்னைக்கு உங்களுக்கு இருந்த உடம்பே போதும்."

இக்னேஷியஸின் கை கண்ணுக்குப் பக்கத்திலேயே நின்றது.

"அந்த நேரம் அக்கம்பக்கத்துல யாரும் இல்லையா, அண்ணாச்சி?"

டெய்சனின் எண்ணிக்கை மட்டும் கேட்டது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

"இருந்தாங்க," என்றார் கடைசியில்.

"யாரு?" என்றார் மாஸ்டர்.

"கீழ் வீட்டுல லூர்து இருந்தான். எங்கூடப் படிச்சவன். கதவு திறந்துதான் இருந்துச்சு. கிரிக்கெட் ஓடுற சத்தம் கேட்டுச்சு."

"ம்."

"அப்பா கூப்பிடப் பார்த்தாரு. 'லூர்து'ன்னு பாதி வந்துருச்சு வாயில." இக்னேஷியஸ் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "நான்தான் பொத்துனேன். இந்தக் கையால. சும்மா இருங்கப்பா, மானம் போயிரும்னு சொன்னேன். அப்பாவைத் தூக்க வக்கில்லாத மகன்னு அவன் பார்த்துருவானேன்னு… அந்த அரை மணி நேரமும் பொத்தியே வச்சிருந்தேன், மாஸ்டர். அவர் மூச்சு என் கையில சுட்டுச்சு."

நூறு கிலோ தூக்கிய தோள்கள் குலுங்கின. மாஸ்டர் கிடந்த இடத்திலிருந்து அசையவில்லை, தொடவில்லை, தேற்றவில்லை.

இக்னேஷியஸ் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பலம்தான் இல்லை, பலம்தான் இல்லைன்னு இவ்வளவு நாளும் இங்க வந்து…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "இனி நான் என்ன செய்ய, மாஸ்டர்? அப்பாவும் இல்லை. அந்தச் சனிக்கிழமையும் திரும்பி வராது. என்னதான் செய்ய நான்?"

காசிம் மாஸ்டர் கூரையைப் பார்த்தபடி, ஒரு கையும் ஒரு காலும் செத்தவராகவே கிடந்தார்.

"நான் இன்னும் கீழதான் கெடக்கேன், அண்ணாச்சி," என்றார். "டெய்சன் அங்கதான் நிக்கான்."