நூத்தித் தொண்ணூறாவது வரி

ரன் குடுத்தேன், ஸ்க்ரீன் அப்படியே நின்னு போச்சு. எந்த பட்டனை அமுக்கினாலும் அசையல.

காலைல ஏழு மணிலேர்ந்து டைப் பண்ண ப்ரோக்ராம். இருநூத்திப் பன்னெண்டு வரி. நாலு மணிக்கு சண்டே ஸ்கூல் பிள்ளைங்க வருவாங்க, அவங்க முன்னாடி இந்த நாப்பது வருஷத்துக் கம்ப்யூட்டர் கிறிஸ்துமஸ் ஸ்டார் வரையணும். அப்பவே மணி மூணேகால். கேசட்ல சேவ் கூட பண்ணல. முடிச்சுட்டு மொத்தமா பண்ணிக்கலாம்னு இருந்துட்டேன்.

பக்கத்துல இருந்த எஸ்தர் என் பேப்பரையும் ஸ்க்ரீனையும் மாத்தி மாத்திப் பாத்தா. நூத்தித் தொண்ணூறாவது வரில ஒண்ணு போட வேண்டிய இடத்துல ஏழு போட்டிருக்கேனாம், அதான் மெஷின் நின்னு போச்சாம். என் கையெழுத்து எனக்கே புரியல.

என் கை தானா சுவிட்சுக்குப் போச்சு. டிவியோ மோடமோ எது மக்கர் பண்ணாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்றதுதானே பழக்கம்.

மணிக்கட்டைப் பிடிச்சுட்டா. என்னைவிட மூணு வயசு சின்னவ, ஆனா இந்த மெஷின்ல அவதான் எனக்கு குரு. கிண்டலா ஆரம்பிச்ச பேரு, ஒட்டிக்கிச்சு.

"ஆஃப் பண்ணா எல்லாம் போயிரும்ண்ணே."

"போகட்டும் குருவே. புதுசா ஆரம்பிக்கிறேன்."

"டிப்ளமோவை விட்டப்பவும் இதேதான் சொன்னீங்க. கேட்டரிங்கை விட்டப்பவும் இதேதான்."

சுருக்குன்னுச்சு. பிள்ளைங்களை வர வேண்டாம்னு சொல்லிரவா, நான் வீட்டுக்குக் கிளம்பிரவான்னு கேட்டேன். அவ காதுலயே வாங்கல. ஒரு துண்டு வயரை எடுத்து ரெண்டு முனையும் உரிச்சா. மெஷினுக்குப் பின்னாடி போயி, அங்க இருந்த ரெண்டு ரீசெட் பின்னை அந்த வயரால ஒரு நொடி சேர்த்துத் தொட்டா.

ஸ்க்ரீன் ஒரு தடவ சிமிட்டி, 'ரெடி'ன்னு வந்து நின்னுச்சு. பவர் லைட் அணையவே இல்ல.

பாஞ்சு போயி, ப்ரோக்ராமைக் காட்டச் சொல்லி லிஸ்ட்னு அடிச்சேன். ஒரு வரி கூட வரல.

"போச்சா. இதுக்கு நானே ஆஃப் பண்ணிருப்பேனே."

"எல்லாம் உள்ளதான் இருக்கு. முதல் வரி எங்க இருக்குங்கிறதைத்தான் அது மறந்துருச்சு."

அவ நோட்டைப் பாத்துப் பாத்து, முதல் வரி எங்கன்னு மெஷினுக்குச் சொல்ற நம்பருங்களை ரெண்டு வரிக்கு அடிச்சா. எனக்கு உசுரு போற அளவுக்கு நிதானமா. நான் ஜன்னலுக்கும் மேசைக்குமா நடந்துட்டிருந்தேன். வாசல்ல சைக்கிள் மணி. முதல் பிள்ளை வந்தாச்சு.

திரும்ப லிஸ்ட்.

ஒண்ணு. ரெண்டு. மூணு. என் வரிங்க கடகடன்னு மேல ஏறி ஓடுச்சு. இருநூத்திப் பன்னெண்டும்.

கீபோர்டை என் பக்கம் இழுத்து ரன்னுன்னு அடிச்சேன். என்டர் மேல விரல் வைக்கிறதுக்குள்ள திரும்பவும் மணிக்கட்டைப் பிடிச்சா.

"இன்னும் என்ன குருவே? அதான் எல்லாம் திரும்பி வந்துருச்சே."

"ஆமாண்ணே"ன்னா. "நூத்தித் தொண்ணூறாவது வரியும் வந்துருச்சு."