தூசிப்படை வில்லை

வெகு காலத்துக்கு முன்னால் மாங்கரை நாட்டைக் கடம்பராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் போர்க்களத்தைக் கண்ணால் கண்டதில்லை. அதனாலேயோ என்னவோ, போர்ச் சாமான் சேர்க்கிற பித்து அவனுக்குத் தலைக்கேறிவிட்டது. ஒடிந்த வாள், ஓட்டைக் கேடயம் என்று எதைக் கொண்டுவந்தாலும் வாரிக் கொடுப்பான். கொண்டுவருகிறவர் பொக்கிஷ அதிகாரி சிகாமணியார். எதிரி ராஜாவின் கடைவாய்ப்பல் என்று ஒன்றைக் கொடுத்தார், பிறகு இன்னொன்று, பிறகு ஒரு கூடை. அந்த ராஜாவுக்கு எத்தனை வாய் இருந்ததோ என்று சபையே கமுக்கமாகச் சிரித்தது. கடம்பராயன் காதில் மட்டும் அது விழவே இல்லை.

அப்புறம் அவனுக்கு வில்லைமேல் ஆசை வந்தது. போரில் எல்லோருக்கும் முன்னால் போய் முட்டுகிற கூட்டத்துக்குத் தூசிப்படை என்று பெயர். அவன் தகப்பனார் காலத்தில் கரட்டாற்றுப் போருக்குப் புறப்பட்ட தூசிப்படைக்கு, மார்பில் குத்திக்கொள்ளப் பித்தளை வில்லை கொடுத்திருந்தார்கள். ராஜா வாய் திறந்ததுதான் தாமதம், சிங்கம் போட்டுப் பளபளவென்று ஒரு வில்லை வந்து சேர்ந்தது. அவன் மாட்டிக்கொண்டதைப் பார்த்துச் சபையில் ஆளாளுக்கு ஒன்று மாட்டினார்கள். போர் நடந்தபோது கோலி விளையாடிக்கொண்டிருந்தவர்கூட விடவில்லை.

அதே ஊரில் உலகாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் வேடியப்பன் அந்தப் போரில் நிஜமாகவே முன்னால் போனவன். அவன் திரும்பவில்லை, வில்லைதான் திரும்பியது. அவன் சிந்திய ரத்தத்துக்கென்று உதிரப்பட்டியாகக் கொஞ்சம் நஞ்சை கொடுத்தார்கள். அதில் பாடுபட்டுத்தான் பாவம், ஒற்றை மகளை வளர்த்தாள். வாய்க்கால் தலைப்பில் இருந்த நல்ல நிலம். சிகாமணியாருக்கு அதன்மேல் ஒரு கண்.

உலகாயி வைத்திருப்பது போலி வில்லை, போலி வில்லைக்கு உதிரப்பட்டி ஏது என்று அவர் ராஜாவிடம் போட்டுக்கொடுத்தார். உலகாயியைச் சபைக்கு இழுத்துவந்தார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அவள் காட்டியதோ நெளிந்து கறுத்த தகடு. சிங்கமும் இல்லை, பளபளப்பும் இல்லை.

"இங்கே அத்தனை பேர் வில்லையும் ஒரே அச்சாக இருக்கிறதே. உன்னுடையது மட்டும் ஏனம்மா வேறாக இருக்கிறது?" என்று கேட்டான் ராஜா.

நிலம் போனால் கூலிக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். செத்த மனுஷனுக்குப் போலி வில்லைக்காரன் என்று பேராகிவிடுமே, அதை எப்படித் தாங்குவது என்று அவள் தகட்டைக் கையில் இறுக்கிக்கொண்டாள்.

அப்போது மந்திரி பெருந்தேவன் எழுந்தான். அந்தச் சபையிலேயே வில்லை மாட்டாதவன் அவன் ஒருவன்தான்.

"தீர்ப்பு அப்புறம் ஆகட்டும், மகாராஜா. எல்லையில் மலைநாட்டுப் படை இறங்கிவிட்டதாம். வில்லை வைத்திருப்பவர்கள்தான் அடுத்த போருக்கும் தூசிப்படை. வில்லைக்காரர் செத்திருந்தால் அந்த வீட்டிலிருந்து ஒருவர் வரவேண்டும். இது நம் நாட்டு முறை. வில்லைக்காரர்கள் எல்லாம் இப்படி வந்து வரிசையாக நில்லுங்கள். இன்றைக்கே புறப்பாடு."

முதலில் சேனாபதியின் மைத்துனர் தொண்டையைக் கனைத்தார். தன் வில்லை கன்னார் தெருவில் போன பொங்கலுக்கு அடித்தது என்றார். அரண்மனை வைத்தியர், தன்னுடையதும் புதுசுதான், புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியதே தன் மனைவிதான் என்று சத்தியம் செய்தார். உங்களுடையது பரவாயில்லை, என்னுடையது அண்டா மூடியை உருக்கி அடித்தது என்று இன்னொருவர் முந்திக்கொண்டார். கடைசியில் சிகாமணியாரே மளமளவென்று வில்லையைக் கழற்றி, எல்லாம் தான் அடிக்கச் சொன்னதுதான், ஒன்றுகூட அசல் இல்லை என்று உளறிக்கொட்டினார்.

உலகாயி மட்டும் நடந்துபோய் மந்திரி காட்டிய இடத்தில் நின்றாள்.

"எனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லீங்க, சாமி. நானே வர்றேன். மகளை மட்டும் யாராவது பார்த்துக்கணும்," என்றாள்.

பெருந்தேவனுக்குக் கண் கலங்கிவிட்டது. படையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை, உன்னைப் பயமுறுத்தியதற்கு பொறுத்துக்கொள் தாயே என்று அவளைக் கும்பிட்டான். நிலம் அவளுக்கே என்று ராஜா அங்கேயே தீர்ப்புச் சொன்னான். பொய்ச் சாமான்களையெல்லாம் ஒரு கூடத்தில் அடுக்கி, வருகிறவர் போகிறவருக்கு எது எங்கே அடித்தது என்று சிகாமணியாரே சொல்லவேண்டும் என்றும் உத்தரவு போட்டான்.

ஆனாலும் பித்து லேசில் விடுமா? ராஜா அவள் கையிலிருந்த தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, அசல் என்று என்னிடம் ஒன்றுகூட இல்லை. அதை எனக்குக் கொடுத்துவிடேன். என்ன கேட்டாலும் தருகிறேன்."

உலகாயி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, பரிதாபமாகத்தான் இருந்தது.

"இதை வாங்க ஒரே வழிதான் இருக்கு, மகாராஜா. எங்க வீட்டுக்காரர் வாங்கின மாதிரி வாங்கணும்."

 ராஜா தன் மார்பிலிருந்த சிங்க வில்லையைக் கழற்றிக் கீழே வைத்தான். அவள் வாசலைத் தாண்டிப் போகிறவரைக்கும் சிம்மாசனத்தை விட்டு எழுந்து நின்றான். ராஜாவே நின்றதால் சபையும் நின்றது.