ஊசிக்கு லீவு

“தாயே, என் நாக்கை அறுத்துக்கிடலாம்னு இருக்கேன்.”

மடத்துத் தலைவி உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எதுக்கு?”

“இந்த நாக்கு எங்கம்மா காலைத் தின்னுட்டு.”

சொன்னவர் குற்றாலிங்கம். ஐம்பத்தாறு வயது. குருவைவிடப் பதினைந்து வயது மூத்த சீடர். விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பது தொழில். ஜவுளிக்கடை, நகைக்கடை, பிளாட்டு விற்பனை, எதுவானாலும் சரி. தென்காசிப் பக்கம் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி எதை விற்றாலும் அது அவர் குரலாகத்தான் இருக்கும். கேட்டால் நெருங்கிய சொந்தக்காரர் பேசுவதுபோல் இருக்கும். அந்தக் குரலின் விஷமே அதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு கசப்பரசி என்ற சர்க்கரைநோய்ச் சூரணத்துக்குப் பேசினார். தாளில் இருந்ததைப் படித்தார். உண்மையா என்று கேட்கவில்லை. கேட்பது அவர் வேலை இல்லையாம்.

அம்மா ஆவுடையம்மாள் கேட்டாள். இருபது வருஷமாக இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவள், மகன் குரல் காதில் விழுந்த அன்றே ஊசியை நிறுத்திவிட்டுச் சூரணத்துக்கு மாறினாள். மகனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னதே அவன்தானே.

இடது காலில் புண் வந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

உலகம்மை எழுந்து வந்தாள். மண் ஒட்டிய கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

கீழே மலையடிவாரச் சாலையில் ஆட்டோ ஒன்று போய்க்கொண்டிருந்தது.

“சர்க்கரையா? கவலையை விடுங்க! காலையில ஒரு ஸ்பூன் கசப்பரசி, ஊசிக்கு இனிமே லீவு!”

குற்றாலிங்கத்தின் குரல்தான். பாகாய் ஒழுகியது.

சத்தம் தேயும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

“இப்ப அறுத்துக்கோ,” என்றாள்.

அவர் அப்படியே உட்கார்ந்து அழுதார்.

“அம்மா இன்னமும் அந்தப் பொடியைத்தான் திங்கா தாயே. தலைகாணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கா. ஊசியைக் கிட்ட கொண்டுபோனா அடிக்க வாரா. அடுத்த காலும் கறுத்துட்டு வருது. ஊசி போடலைன்னா காலு மட்டுமில்ல, ஆளே தங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“நீ பேசினது பொய்னு அவகிட்டச் சொன்னியா?”

“இருக்கிற ஒத்தக் காலைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன்.”

“என்ன சொன்னா?”

“‘வீட்டுல நீ ஆயிரம் பொய் சொல்லுவ. சின்னப்பிள்ளையில இருந்து பாக்கேன். ஆனா ஊரு பூரா கேக்கும்போது ஒருத்தன் பொய் சொல்லுவானாலே?’ன்னு கேக்கா.”

உலகம்மை கீரைக்குத் திரும்பினாள்.

“அப்ப ஊரு பூரா கேக்கச் சொல்லு.”

◆

ஒரு மாதம் கழித்து மறுபடி மலையேறி வந்தார்.

“சொன்னியா?”

“சொன்னேன் தாயே. ஆட்டோ பிடிச்சு, நானே மைக்கைக் கையில வச்சுக்கிட்டு, மூணு நாள் தெருத்தெருவாச் சொன்னேன். ‘கசப்பரசி பொய். விளம்பரம் பேசினவன் நான்தான். எங்கம்மாவுக்குக் காலு போயிட்டு. யாரும் ஊசியை நிறுத்தாதீங்க.’ இதைத்தான் சொன்னேன்.”

“கேட்டாங்களா?”

“நல்லாக் கேட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல ஒரு டீச்சரம்மா வண்டியை நிப்பாட்டி, ‘ரொம்ப நல்ல காரியம் சார்’னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. ‘அப்ப இதுக்குப் பதிலா எந்தப் பொடி வாங்கணும்?’னு கேட்டாங்க.”

“நீ?”

“பொடியே வேண்டாம்னேன். ‘சும்மா சொல்லுங்க சார், நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்’னாங்க.”

“அப்ப கசப்பரசி வியாபாரம்?” என்றாள் உலகம்மை.

“கசப்பரசி விக்கிற கடையில கூட்டம் குறையல. கூடியிருக்கு. ‘எதிர்த்துப் பேச ஆளு வைக்கிற அளவுக்கு அதுல என்னமோ இருக்கு’ன்னு பேசிக்கிடுதாங்க.”

“உங்கம்மா?”

“ஜன்னல் வழியாக் கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தா. நான் உள்ள போனதும் கேட்டா: ‘இப்ப எந்தக் கம்பெனிக்குய்யா பேசுத?’”

உலகம்மைக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது.

“அப்புறம்?”

குற்றாலிங்கம் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அழ வரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

“அப்புறம்தான் ஒரு வேலை பண்ணினேன் தாயே. கட்டில் பக்கத்துல நின்னேன். தொண்டையைச் செருமிக்கிட்டேன். அந்தக் குரல்லயே இன்சுலினுக்கு விளம்பரம் பேசினேன். அம்மா எந்திரிச்சு உக்காந்துட்டா. ‘இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லய்யா’ன்னு கையை நீட்டிட்டா. அன்னையில இருந்து ஒரு வேளை தவறலை. அடுத்த காலு தப்பிச்சிட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“நல்லது.”

“அதான் கேக்க வந்தேன். குரல் மேல குத்தம் இல்லதானே? கெட்டதுக்குப் பேசினாத்தான் கெட்டது. நல்லதுக்குப் பேசினா அம்மா உசிரையே காப்பாத்திட்டுதே. இப்ப ஒரு புதுக் கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க. பிள்ளைகளுக்குச் சத்து மாவு. நல்ல மாவுதான்னு சொல்லுதாங்க.”

அறுத்து எறிவேன் என்ற நாக்கு ஒரே மாதத்தில் தேறிவிட்டது. அம்மாவின் வெட்டிய கால்தான் இன்னும் ஆறவில்லை.

“அம்மாகிட்ட எப்படிப் பேசின?” என்றாள் உலகம்மை. “பேசிக் காட்டு.”

“இங்கயா?”

“இங்கதான். அந்தக் குரல்லயே.”

முற்றத்தில் நாலைந்து பெண்கள் அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி செண்பகவடிவு. கல்குவாரியில் வேலை பார்ப்பவள். ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தறியாதவள்.

குற்றாலிங்கம் தொண்டையைச் செருமினார். கண்ணை மூடிக்கொண்டார்.

“அன்புத் தாய்மார்களே! ஓடியாடி உழைச்ச உடம்பு ஓஞ்சு போச்சா? ஒரே ஒரு சின்ன ஊசி! எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. இன்னைக்குப் போட்டவங்க நாளைக்குச் சிரிக்கிறாங்க. இன்சுலின்! உங்க மகன் சொல்றேன், நம்பிப் போடுங்க!”

அரிவாள்மணைச் சத்தம் நின்றது.

கண்ணைத் திறந்தார். செண்பகவடிவு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, அந்த ஊசி எங்க கிடைக்கும்?”

“உனக்குச் சர்க்கரை இருக்காம்மா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“அப்ப உனக்கு எதுக்கு? சர்க்கரை இல்லாதவங்க போடக்கூடாதும்மா. போட்டா உசிருக்கே ஆபத்து.”

செண்பகவடிவு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“சும்மா பயங்காட்டாதீங்க அண்ணாச்சி. எங்களுக்கெல்லாம் தர மாட்டீங்களாக்கும்? கையில போடணுமா, வயித்துல போடணுமா?”

அவள் ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டாள்.

குற்றாலிங்கம் உலகம்மையைப் பார்த்தார்.

“வேண்டாம்னு அவகிட்டச் சொல்லு,” என்றாள் உலகம்மை. “எந்தக் குரல்ல சொல்லுவ?”